பொட்டுக்காரி பெருத்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், நான் சொல்லப்போகிற விஷயத்தில் எனக்கே பல வருஷமாகச் சந்தேகம் இருந்தது. சந்தேகம் இருந்தாலும் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ரயிலில் சொல்லியிருக்கிறேன், ஸ்டாஃப் ரூமில் சொல்லியிருக்கிறேன், பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொல்லியிருக்கிறேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் ஜன்னல் பக்கமே உட்காருங்கள். எனக்கு வேண்டாம். மாமனார் ஊருக்குப் போகிற மலை எத்தனை நாளைக்கு அழகாக இருக்கும்? குதிரைச்சோலை ஏரிக்குத்தானே போகிறீர்கள்? கையில் கேமராவைப் பார்த்ததுமே நினைத்தேன். அந்த ஏரியைத் தவிர உலகத்தில் வேறெங்குமே இல்லாத மீன் என்று பேப்பரில் போட்டிருந்தார்களே, அதைப் பார்க்கத்தானே? அப்படியென்றால் சரியான ஆள் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த மீனைப் பற்றி என்னைவிட அதிகமாக யோசித்தவன் இந்த உலகத்தில் கிடையாது. ஆராய்ச்சி பண்ணுகிற ஹெலன் மேடம்கூட எனக்கு அப்புறம்தான்.

அந்த ஊரில் அதற்குப் பெயர் பொட்டுக்காரி. கண்ணுக்குப் பின்னால் குங்குமம் வைத்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே பெண் எடுத்தவன் மறுவீட்டுக்கு வரும்போது, ஏரியிலிருந்து ஒரே ஒரு பொட்டுக்காரியைப் பிடித்துப் பித்தளைக் குடத்தில் விட்டு, உயிரோடு அவன் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். மாப்பிள்ளை குனிந்து பார்க்க வேண்டும். பார்த்து, குடத்துக்குள் ஒரு பூப் போட வேண்டும். பெண்கள் குலவை போட்டுக்கொண்டே குடத்தை அடுப்படிக்குத் தூக்கிப் போவார்கள். கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் மாப்பிள்ளைக்கு மட்டும் இலையில் மீன் வரும். வேறு யாருக்கும் ஒரு துண்டுகூடக் கிடையாது. ஊரே சுற்றி நின்று அவன் சாப்பிடுவதைப் பார்க்கும்.

நான் மாப்பிள்ளையாகப் போனதும் இதே பஸ்ஸில்தான். அதாவது இதே ரூட்டில். நானும் பவளமும், பவளம் என் மனைவி, புதுத் துணியோடு வத்தலக்குண்டில் ஏறி உட்கார்ந்தால் முன் ஸீட்டில் என் மாமனார். சடையப்பன் என்று பெயர். மேலே பூண்டு வெள்ளாமை. எங்களைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனார். நாங்கள் சாயங்கால வண்டியில் வருவோம் என்று நினைத்திருந்தார் போல. மடியில் ஒரு மஞ்சப்பை. பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் அந்தப் பையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. என்னுடைய புது ஷூ மேல்தான் சொட்டுகிறது.

"என்ன மாமா பையில?" என்றேன்.

"கொத்தமல்லித் தழை மாப்பிள்ளை. வாடாம இருக்கட்டும்னு நனைச்சு வச்சிருக்கு" என்றார்.

பவளத்துக்குப் புரையேறியது. மலை ஏறும்போது சிலருக்கு அப்படி ஆகும். எலுமிச்சம்பழம் கொடுத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குடம் வந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு மீன். அழகென்றால் அப்படி ஓர் அழகு, சார். வெள்ளி உடம்பு, அந்தச் சிவப்புப் பொட்டு, என்னை நிமிர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பூப் போட்டேன். குலவை, கதவு சாத்தல் எல்லாம் ஆயிற்று. கொஞ்ச நேரத்தில் இலையில் மீன் வந்தது. வந்த மீனைப் பார்க்கிறேன், இந்த மணிக்கட்டிலிருந்து நடு விரல் நுனிவரைக்கும் இருக்கிறது! தலை தனி, வால் தனி, நடுத்துண்டம் தனி.

நான் பௌதிக ஆசிரியர். கேட்காமல் இருப்பேனா?

"மாமா, குடத்துல விரல் நீளம்தானே இருந்துச்சு?"

மாமனார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அதுதான் மாப்பிள்ளை பொட்டுக்காரியோட அருமை. கொதிக்கிற குழம்புல விழுந்ததும் பெருக்கும். பூரி உப்புற மாதிரின்னு வச்சுக்குங்களேன்."

"எல்லா மீனும் சுருங்கத்தானே செய்யும்?"

"மத்த மீனு சுருங்கும். இது பெருக்கும். அதனாலதானே இது வேற எங்கயும் இல்லை?"

அத்தோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு சித்தப்பா, "மாப்பிள்ளை மனசு எவ்வளவு பெரிசோ அந்த அளவுக்குப் பெருக்கும்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டார். ஊரே ஆமாம் ஆமாம் என்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முள்ளைக்கூட உறிஞ்சிச் சாப்பிட்டேன். அந்த ருசியை என்னவென்று சொல்வேன்! ஹாஸ்டலில் ஐந்து வருஷம் மீன் சாப்பிட்டவன் நான். அதெல்லாம் மீனே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெருமை சாயங்காலம் வரைக்கும்தான். சாயங்காலம் என் சகலை வந்து சேர்ந்தான். பவளத்தின் அக்கா அமராவதியைக் கட்டினவன். குபேந்திரன் என்று பெயர். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. ஆளும் மண்டி மாதிரிதான் இருப்பான், சத்தம் அதிகம்.

"என்ன சகலை, மீன் சாப்பிட்டீகளா? எவ்வளவு பெருத்துச்சு?"

கையை வைத்துக் காட்டினேன்.

"அவ்வளவுதானா?" என்று சிரித்தான். பிறகு முழங்கையில் கை வைத்தான். சார், முழங்கையில்! "எனக்கு இம்புட்டு. வால் இலைக்கு வெளிய தொங்கிச்சு. கேட்டுப் பாருங்க எங்க மாமனாரை."

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் எருமையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றைக்குப் பிடித்தது சார் சனியன். சிரிக்காதீர்கள். உங்களுக்குச் சகலை இருக்கிறாரா? இல்லையா? அப்போது உங்களுக்குப் புரியாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் அதைச் சொல்லுவான். கோயில் கொடையில் சொல்லுவான். என் மகள் காதுகுத்தில் சபை நடுவே, "சின்ன மனசுக்காரரு வீட்டு விசேஷம், சாப்பாடு சீக்கிரம் தீர்ந்துரும், உட்காருங்கப்பா பந்தியில" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து யோசிப்பேன். உண்மையிலேயே என் மனசு சின்னதுதானோ? வகுப்பில் அரை மார்க் கேட்ட பையனுக்குக் கொடுக்காமல் போனோமே, அதனாலா? பிச்சைக்காரருக்குச் செல்லாத நாணயத்தைப் போட்டோமே, அதனாலா? ரத்த தானம் கொடுத்துப் பார்த்தேன். அரை மார்க் கேட்டவனுக்கு ஒரு மார்க் போட்டேன். மாமனாருக்கு மூட்டுவலித் தைலம் மாதா மாதம் நானே ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். குபேந்திரன் ஒரு தடவையாவது கொடுத்திருப்பானா? கேட்டுச் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் இப்படி. இன்னொரு பக்கம் பௌதிகம். மீன் எப்படி ஐயா பெருக்கும்? வீட்டில் சோதனையே செய்தேன். கெளுத்தி, விரால், கெண்டை, ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து அளந்து குழம்பில் போட்டு, எடுத்து மறுபடி அளந்தேன். எல்லாம் சுருங்கியது. ஆனால் சூடு பட்டால் பொருள் விரியும் என்று நான்தானே பாடம் நடத்துகிறேன்? தண்டவாளத்துக்கு நடுவில் இடைவெளி எதற்கு விடுகிறார்கள்? ஆகவே பெருக்க வாய்ப்பே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது என்கிற முடிவுக்கு வந்தேன். நான் அடுப்புக்கு முன்னால் ஸ்கேலோடு நிற்கும்போதெல்லாம் பவளத்துக்குப் புரையேறும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவாள். இந்தக் கதையை யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தாலும் அப்படித்தான். தொண்டை டாக்டரிடம்கூடக் கூட்டிப் போனேன். ஒன்றுமில்லை என்றார்.

அந்தச் சந்தேகம் அப்படியே இருந்திருக்கும், இந்த வருஷம் ஹெலன் மேடம் வராமல் இருந்திருந்தால். நல்ல மனுஷி சார். காலேஜில் மீன் ஆராய்ச்சி. ஏரியில் இறங்கிப் பார்த்துவிட்டு, இந்த மீன் வேறெங்கும் கிடையாது, இங்கேயும் குறைவாகத்தான் இருக்கிறது, காப்பாற்ற வேண்டும் என்று மேலிடத்துக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, இதை யாராவது பிடித்துச் சாப்பிடுகிறார்களா என்று விசாரித்தார். ஊர்க்காரர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் சும்மா இருப்போமா? மாப்பிள்ளைமார் இருக்கிறோமே! போன் நம்பர் வாங்கி நானே கூப்பிட்டேன். நேரில் வந்தார். மறுவீட்டு வழக்கத்தை ஆதியோடந்தமாகச் சொன்னேன். பெருக்கிற விஷயத்தையும் சொன்னேன். கையை வைத்து அளவு காட்டினேன். அவர் என் கையையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு வியப்பு. குபேந்திரனிடமும் போயிருக்கிறார். அவன் முழங்கை காட்டியிருக்கிறான். எங்களைப் போல இன்னும் நாலைந்து மாப்பிள்ளைகள், ஆளுக்கு ஒரு அளவு.

அதன் பலன் என்ன தெரியுமா? மாமனார் போன் செய்தார். அவர் போன் செய்கிற ஆளே கிடையாது.

"மாப்பிள்ளை, ஏரியைச் சுத்தி வேலி போடப் போறாகளாம். ஊர்க்காரங்க மீனைத் தின்னு அழிச்சுட்டோமாம். இனிமே யாரும் ஏரியில இறங்கக் கூடாதாம்."

"நல்லதுதானே மாமா, மீன் பிழைக்கட்டும்."

"மடையும் வேலிக்குள்ள போகுது மாப்பிள்ளை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊரில் பூண்டுக்குப் போகிற தண்ணீர் முழுவதும் ஏரி மடையிலிருந்துதான். காலையில் ஒருத்தர் இறங்கி மடையைத் திறந்தால்தான் வாய்க்கால் ஓடும். அது நின்றால் பூண்டு இல்லை. பூண்டு இல்லாவிட்டால் குதிரைச்சோலையில் மனுஷருக்கு என்ன வேலை?

ஏரிக்கரையில் கூட்டம் போட்டார்கள். வனத்துறை ரேஞ்சர் வந்திருந்தார், ஹெலன் மேடம் வந்திருந்தார். நானும் பவளமும் போனோம். குபேந்திரன் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். ரேஞ்சர் நேராகவே கேட்டார்.

"ஒரே கேள்வி. இந்த மீனைச் சாப்பிடுறீங்களா, இல்லையா?"

ஒருத்தர்கூடப் பேசவில்லை சார். ஊரே எங்களைப் பார்க்கிறது, மாப்பிள்ளைமாரை. பிறகு தரையைப் பார்க்கிறது. என் மாமனார் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிறார், துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

"சாப்பிடலைன்னா சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். மடையை வெளிய விட்டுட்டு வேலியைப் போட்டுக்கலாம். வாயைத் திறங்கய்யா!" என்றார் ரேஞ்சர்.

அப்போதும் பேச்சில்லை. குற்றம் செய்தவர்கள் எப்படிப் பேசுவார்கள்? எனக்குப் பாவமாக இருந்தது. படித்தவன் ஒருவன் இருந்தும் கைகொடுக்காவிட்டால் எப்படி என்று நானே எழுந்தேன்.

"ஐயா, இவங்க நிறையப் பிடிக்கிறதில்லை. கல்யாணத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான். அது பெருக்கிற மீனுங்கறதால ஒண்ணே போதும்" என்றேன்.

யாரோ தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. ரேஞ்சர் எழுத ஆரம்பித்தார். ஹெலன் மேடம் மெதுவாகப் பையைத் திறந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி வைத்தார். உள்ளே ஒரு பொட்டுக்காரி நீந்துகிறது. விரல் நீளம்.

"சார், இது முழுசா வளர்ந்தது. இதுக்கு மேல வளராது. செத்துப்போன ஒண்ணு கிடைச்சுது, அதைக் கொதிக்க வச்சும் பார்த்துட்டேன். உங்களுக்காகத்தான் பார்த்தேன். சுருங்கத்தான் செஞ்சுது."

"அப்படின்னா நான் சாப்பிட்டது?" என்றேன்.

"ஜிலேபி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தால் பவளம். என் பவளம்தான் சார். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நிற்கிறாள்.

"ஏய், சும்மா இரு தாயி!" என்று மாமனார் பதறினார். "மாப்பிள்ளைமார் முகத்துல எப்படி முழிக்கிறது?"

"தண்ணி போனப்புறம் யாரு முகத்துல முழிக்கப் போறீக அய்யா?" என்றாள். பிறகு ரேஞ்சரைப் பார்த்து, "சார், இந்த ஊர்ல யாரும் பொட்டுக்காரியைத் தின்னதில்லை. குடத்துல காட்டுவோம். அடுப்படிக்குக் கொண்டுபோயி, கதவைச் சாத்திட்டு, பின்வாசல் வழியா ஓடிப்போய் ஏரியில விட்டுருவோம். இலையில வைக்கிறது சந்தையில வாங்கின ஜிலேபி மீனு. என் மறுவீட்டுக்கு மீனைத் திரும்ப விட்டது எங்க அக்கா. அக்காளுக்கு விட்டது நானு" என்றாள்.

"எதுக்கும்மா இப்படி?" என்றார் ரேஞ்சர். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்கு ஊர்ல இருக்கிறதுலயே அருமையானதைக் காட்டணும்னு வழக்கம் சார். காட்டணும்னுதான் வழக்கம். கொடுக்கணும்னு எவன் சொன்னான்?"

பெண்களெல்லாம் ஒன்றாகச் சிரித்தார்கள் பாருங்கள், ஏரியே அதிர்ந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கத்தில் கேட்ட புரை அது.

ஆனால் ரேஞ்சர் லேசில் விடவில்லை. "வேலி வரக் கூடாதுன்னு இன்னைக்கு இப்படிச் சொல்றீங்களோ என்னவோ. சாப்பிட்டவங்க சொல்லட்டும். யார் சொல்றீங்க?"

குபேந்திரன் துள்ளி எழுந்தான். "நான் தின்னது பொட்டுக்காரிதான்! ஜிலேபியைத் தின்னுட்டுப் போறதுக்கு நான் என்ன கேனையனா? முழங்கை நீளம் சார், வால் வெளிய தொங்கிச்சு!" மற்ற மாப்பிள்ளைகளும் அவன் பக்கம்தான். ஒருத்தர் விடாமல் ஆமாம் ஆமாம் என்கிறார்கள்.

மிச்சம் நான் ஒருத்தன். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். மாமனார் மட்டும் பார்க்கவில்லை. அவர் மடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. யோசித்துப் பாருங்கள் சார். ரயிலில் சொன்ன கதை, பல் டாக்டரிடம் சொன்ன கதை, ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு வெப்ப விரிவுப் பாடத்தில் உதாரணமாகச் சொன்ன கதை. எல்லாவற்றையும் ஊர் நடுவில் நின்று நானே குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

எழுந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"நான் சாப்பிட்டது ஜிலேபிதான் ஐயா. முதுகு முள்ளு குத்தி எனக்கு நாக்குல ரத்தம் வந்துச்சு. அப்பவே தெரிஞ்சிருக்கணும். இங்க பெண் எடுத்த எல்லாரும் சாப்பிட்டது ஜிலேபிதான். எங்க சகலையும் சேர்த்துத்தான்."

அந்த நிமிஷம் என் மனசு துள்ளிக் குதித்தது சார். ஊருக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டதே என்கிற சந்தோஷம்தான், வேறு எதுவும் இல்லை. குபேந்திரன் முகத்தை நான் தற்செயலாகத்தான் பார்த்தேன்.

ஹெலன் மேடம் எனக்குக் கைகொடுத்தார். மடையை வெளியே விட்டுத்தான் வேலி வருகிறது. மடை திறக்க ஊர்க்காரர்கள் இறங்கலாம். மறுவீட்டுக்குக் குடத்தில் காட்டலாமா கூடாதா என்று மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதோ, இந்தத் திருப்பம் தாண்டினால் ஏரி தெரியும். கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் இறங்கி இடது பக்கம் நடக்க வேண்டும்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனோம். மாமனார் முற்றத்தில் பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கையில் இருந்த கட்டைக் கட்டி முடித்தார். அப்புறம், "மாப்பிள்ளை, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார். "இத்தனை பேர் நடுவுல நீங்க ஒருத்தர்தான் எந்திரிச்சீக. உங்க மனசு யாருக்கு வரும்?"

நான் தலையை ஆட்டினேன். ஆனால் காதில் சரியாக விழவில்லை. எனக்கு உள்ளே வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக நான் மீன் மேல் பழி போட்டேன். என் மனசு மேல் பழி போட்டேன். ரத்தமெல்லாம் கொடுத்தேன். மீன் பெருக்கவே இல்லை என்றால், என் மனசை யாரும் அளக்கவே இல்லை என்றால், அப்புறம் சந்தையில் நின்று, பெரியதையும் சின்னதையும் புரட்டிப் பார்த்து, இவனுக்கு இது போதும் என்று எடுத்தது யார்? ஒரு மனுஷன்தானே?

"மாமா, அன்னைக்கு பஸ்ஸுல என் ஷூ மேல சொட்டுச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மாப்பிள்ளை."

"கொத்தமல்லித் தழைன்னீங்க."

"ஆமா மாப்பிள்ளை. மன்னிச்சுக்குங்க."

"அது போகட்டும் மாமா. எனக்கு வாங்கினதை மஞ்சப்பையில கொண்டு வந்தீங்க. சகலைக்கு வாங்கினப்போ எந்தப் பை எடுத்துட்டுப் போனீங்க?"